மகா ஓயா சுடுதண்ணி மேலால வந்ததா, கீழால வந்ததா?

செங்கலடியான்:

போன ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மகா ஓயா சுடுதண்ணீர்க் கிணறுகளுக்குப் போயிருந்தோம். செங்கலடியில் ஏறினால் கரடியனாறு, புல்லுமலை தாண்டிப் பதுளை வீதியில் ஒரே ஓட்டம். முட்டை அவிக்கலாம் என்று மனைவி நான்கு முட்டையைத் துணியில் கட்டி இறக்கினாள். அரை மணித்தியாலம் கழித்து உடைத்தால் வெள்ளைக்கரு பால்போல வழிகிறது.

மூத்தவன் பத்தாம் தரம் படிக்கிறான். கையை விட்டு எடுத்துவிட்டுக் கேட்டான்: "அப்பா, இந்தத் தண்ணி மேலால வந்ததா, கீழால வந்ததா?" "கீழாலதான் மகன், ஆவி பறக்கிறது தெரியேல்லையா" என்றேன். அவன் விடவில்லை. ரியூசனில் சேர் சொன்னாராம், உலகத்துத் தண்ணீர் முழுக்க வால்வெள்ளிகள் கொண்டுவந்து கொட்டியதென்று. "அப்ப மேலால வந்ததுதானே?"

எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. இரண்டு கேள்வி கேட்கிறேன். மகா ஓயாத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? கடல் எங்கேயிருந்து வந்தது? தெரிந்தவர்கள் பிள்ளைக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லுங்கள்.

கடற்கரைக் காக்கா (அக்கரைப்பற்று):

தம்பி, முட்டை அவியாது. அந்தத் தண்ணீர் 55 பாகை அளவில்தான் இருக்கும். வெள்ளைக்கரு இறுக 60 தாண்ட வேணும். நான் ஐஸ் பெக்டரியில் இருபது வருசம் நின்றவன், சூடு குளிர் பற்றிக் கொஞ்சம் தெரியும். மற்றதை நம்மட தங்கச்சி இரசாயனக்காரி வந்து சொல்லட்டும்.

இரசாயனக்காரி (கல்முனை):

கூப்பிட்டதால் வந்தேன் காக்கா. விடைத்தாள் கட்டு மேசையில் கிடக்கிறது, அதிலிருந்து தப்ப ஒரு சாட்டு.

செங்கலடி அண்ணா, முதல் கேள்வியில் மகன் வென்றுவிட்டான். மகா ஓயாவில் வருவது மழைத்தண்ணீர். நம் நாட்டில் எரிமலை இல்லை. மழை பாறை வெடிப்புகளுக்குள் இறங்குகிறது. கீழே போகப் போக ஒரு கிலோமீற்றருக்கு 25 பாகை அளவில் சூடு கூடும் என்பது பொதுக்கணக்கு. ஒரு கிலோமீற்றருக்கு மேல் இறங்கித் திரும்பி வந்தாலே அந்தச் சூடு வந்துவிடும். மலைநாட்டுப் பாறைத் தொகுதியும் நம் கிழக்கின் விஜயன் தொகுதியும் சந்திக்கிற எல்லையை ஒட்டித்தான் இந்த ஊற்றுகள் பல இருக்கின்றன. அங்கே பாறை உடைந்து வழி விட்டிருக்கிறது.

இரண்டாவது கேள்விதான் வில்லங்கம். வால்வெள்ளி என்று ரியூசன் சேர் சொன்னது வாய்க்கு வந்த கதையில்லை, ஒரு காலத்தில் விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். வால்வெள்ளி என்றால் பாதிக்குப் பாதி பனிக்கட்டி, பூமி பிறந்த இடமோ சூரியனுக்குப் பக்கத்தில். அந்தச் சூட்டில் பனி தங்காது. அப்போ தூரத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. பிறகு தண்ணீரின் கைரேகையை எடுத்துப் பார்த்தபோது கதை மாறிவிட்டது.

ஐதரசனில் ஒரு சாதாரண வகை, ஒரு பார வகை உண்டு. பாரமானதற்குத் தூத்தேரியம் என்று பெயர். நம் கடலில் ஏறத்தாழ 6,400 ஐதரசனுக்கு ஒன்று பார ஐதரசன். 1986 இல் ஹலியின் வால்வெள்ளிக்குக் கிட்டப் போன ஜியோட்டோ விண்கலம் அளந்தபோது, அங்கே அது நம் கடலைப்போல் இரண்டு மடங்கு. ஹேல்-பொப் வால்வெள்ளியிலும் இரண்டு மடங்களவுதான். 2014 இல் ரொசெற்றா விண்கலம் போய்ச் சேர்ந்த சூர்யுமோவ்-கெராசிமென்கோ வால்வெள்ளியில் மூன்று மடங்குக்கும் மேல். கடல் முழுக்க அங்கேயிருந்து வந்திருந்தால் நம் கடலும் அந்தக் கணக்கில்தான் இருக்க வேண்டும்.

கடற்கரைக் காக்கா:

86 இல் வாப்பா விடியப்புறம் எழுப்பிக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு பஞ்சுத் துண்டு மாதிரி. இதுக்கா நித்திரையைக் குழப்பினீங்க என்று கேட்டேன். ஒரு குட்டு விழுந்தது.

வாவிக்கரை:

ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். 2011 இல் வெளியான ஆய்வில் ஹார்ட்லி-2 என்ற வால்வெள்ளியின் பார ஐதரசன் விகிதம் நம் கடலோடு ஒத்துப்போனது. சூர்யுமோவ் கணக்கைக்கூட 2024 இல் திரும்பப் பார்த்து, விண்கலத்தைச் சுற்றியிருந்த தூசி அளவீட்டைக் கூட்டிக் காட்டிவிட்டது, உண்மையில் விகிதம் பூமிக்குக் கிட்டத்தான் என்று எழுதினார்கள். ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு வால்வெள்ளியைத் தூக்கி எறிவது சரியில்லை.

இரசாயனக்காரி:

சரி, ஒத்துக்கொள்கிறேன். விகிதம் மட்டும் என்றால் வால்வெள்ளிக்கு இன்னும் வாய்தா இருக்கிறது. ஆனால் நைதரசனும், ஆகன், செனன் போன்ற அருமந்த வாயுக்களும் வேறு சாட்சி சொல்கின்றன, பிறகு வருகிறேன்.

செங்கலடியான்:

மிஸ், இந்த விகிதம் என்பது மகனுக்குப் பிடிபடவில்லை. எனக்கும்தான், பொய் சொல்ல மாட்டேன்.

கடற்கரைக் காக்கா:

இதை நான் சொல்றேன். சுனாமி வந்து போன பிறகு நம்மட கரையோரக் கிணறெல்லாம் உப்பாய்ப் போச்சுது, ஞாபகம் இருக்கும். நிவாரணத்துக்கு வந்த ஆக்கள் ஒரு சின்ன மீற்றரைக் கிணற்றுக்குள் இறக்கி உப்பு எவ்வளவு என்று பார்த்தார்கள். கடல் தண்ணி ஒரு லீற்றரில் 35 கிராம் அளவுக்கு உப்பு. நல்ல கிணற்றுத் தண்ணியில் ஒன்றுமில்லை என்று வையுங்கள். கிணற்றில் 7 கிராம் காட்டினால் ஐந்தில் ஒரு பங்கு கடல் உள்ளுக்கு வந்திருக்கிறது. கடல் வந்த நேரத்தில் யாரும் அளக்கவில்லை, ஓடத்தான் நேரமிருந்தது. ஆனாலும் எவ்வளவு வந்தது என்று உப்பு பிறகு சொல்லிவிடும். தங்கச்சி சொல்லுற பார ஐதரசனும் அந்த உப்பு மாதிரித்தான் போல.

இரசாயனக்காரி:

இதைவிட வடிவாக நான் வகுப்பில் சொன்னதில்லை காக்கா.

உயர்தரம் எழுதுபவள்:

மிஸ், வால்வெள்ளி இல்லையென்றால் விண்கற்கள் என்று வாசித்தேன். ஆனால் கல் எப்படிக் கடலைக் கொண்டுவரும்? கல்லை நனைத்தாலும் காய்ந்துவிடுமே. விண்வெளியில் எத்தனை கோடி வருசம் கிடந்திருக்கும்.

சூளைக்காரன் மகன்:

தங்கச்சி, இது என் பாடம். நான் படித்தது பத்தோடு சரி, ஆனால் செங்கல் சூளையில் பிறந்து வளர்ந்தவன்.

அப்பா மண் குழைத்து அச்சில் போட்டு, வெயிலில் இரண்டு கிழமைக்கு மேல் காய வைப்பார். தட்டினால் டொக் என்று சத்தம் வரும், ஒரு சொட்டு ஈரம் இருக்காது என்று சத்தியம் பண்ணுவீர்கள். அதைத்தான் அடுக்கிச் சூளை மூட்டுவோம். முதல் இரவு சிறு தீ மட்டும். அவசரப்பட்டுப் பெரிய தீ கொடுத்தால் கல் உள்ளுக்குள் வெடிக்கும். தீ வைத்துக் கொஞ்ச நேரத்தில் மேல்வரிசை இடுக்குகளால் வெள்ளைப் புகை கிளம்பும். விறகுப் புகை இல்லை, மணமில்லாத வெள்ளை. அப்பா ஒரு குளிர்ந்த இரும்புக் கம்பியை மேலிருந்து உள்ளே விட்டு, உடனே இழுத்துப் பார்ப்பார். கம்பி வியர்த்திருந்தால் சிறு தீதான் தொடரும். காய்ந்து வந்தால்தான் "இனிப் போடு" என்பார். சின்ன வயதில் அந்தக் கம்பியை நக்கிப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன், வெறும் தண்ணீர்.

இவ்வளவு காய்ந்த கல்லுக்குள் அவ்வளவு தண்ணீர் இருக்கிறது. அதனால் விண்கல்லுக்குள் இருக்கிறது என்றால் நான் நம்புவேன்.

வாவிக்கரை:

கம்பியில் வியர்ப்பது மண்ணின் துளைகளில் தங்கிய ஈரம். கல்லின் தண்ணீர் இல்லை. விண்வெளியில் அந்த ஈரமெல்லாம் எப்போதோ போயிருக்கும். தங்கச்சியின் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

இரசாயனக்காரி:

வாவிக்கரை அண்ணன் சொன்னது பாதி சரி. கம்பியில் தெரிவது துளை ஈரம்தான். ஆனால் தம்பி, அப்பா பெரிய தீ போட்டு, கல் மங்கலாகச் சிவக்கத் தொடங்கும் நேரம் இருக்கிறதல்லவா, அப்போது இரண்டாவது தண்ணீர் ஒன்று போகும். அதைக் கண்ணால் காண முடியாது. களிமண் கனியத்தின் கட்டமைப்புக்குள்ளேயே ஐதரசனும் ஒட்சிசனும் பூட்டப்பட்டுக் கிடக்கின்றன. தூய வெண்களியின் நிறையில் 14 சதவீதம் இப்படிப் பூட்டிய தண்ணீர். மணல் கலந்த செங்கல் மண்ணில் அதைவிடக் குறைவு. 500 பாகை தாண்டினால்தான் அந்தப் பூட்டு உடையும்.

போனதற்கு அத்தாட்சி வேண்டுமென்றால், வெயிலில் காய்ந்த கல் ஒன்றையும் சுட்ட கல் ஒன்றையும் இரண்டு வாளியில் போட்டு வையுங்கள். விடியப் பார்த்தால் ஒன்று சேறு, மற்றது கல். சுட்டது திரும்ப மண்ணாகாது. பூட்டு ஒருதரம் உடைந்தால் உடைந்ததுதான்.

சில விண்கற்கள் கிட்டத்தட்ட நம் காய்ந்த செங்கல்தான். கரிச்சத்துள்ள கருப்பு வகை. 1969 இல் அவுஸ்திரேலியாவில் மேர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்தது அந்த வகை. 2021 பெப்ரவரி 28 இரவு இங்கிலாந்தின் வின்ச்கம் ஊரில் ஒரு வீட்டு வாசலில் விழுந்து சிதறியதும் அதே வகை. வின்ச்கம் கல்லை விடிந்ததும் பொறுக்கி எடுத்துவிட்டார்கள், மழை படவில்லை. அதன் நிறையில் 11 சதவீதம் தண்ணீர், அதன் விகிதம் நம் கடலுக்கு மிகக் கிட்ட. ஜப்பான் 2020 இல் ரியூகு சிறுகோளிலிருந்து கொண்டுவந்த 5.4 கிராம் மண்ணிலும், அமெரிக்கா 2023 இல் பெனுவிலிருந்து கொண்டுவந்த 121.6 கிராமிலும் இதே மாதிரிக் களிக் கனியங்கள் நிறைய.

சூளைக்காரன் மகன்:

ரெண்டாவது தண்ணி பற்றி அப்பாவிடம் சொன்னேன். "அது தெரியும், அந்த நேரம் சூளை ஒருக்கால் மூச்சு விடும்" என்றார். மெய்யா பொய்யா தெரியாது, அவர் எதையும் தெரியும் என்றுதான் சொல்வார்.

வாவிக்கரை:

கணக்கைப் பார்ப்போம். கடல் முழுவதையும் அள்ளி நிறுத்தால் பூமியின் நிறையில் ஏறத்தாழ 4,300 இல் ஒரு பங்குதான். பூமியை 50 கிலோ அரிசி மூட்டை என்று வைத்தால் கடல் 12 கிராம், ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவு. பத்தில் ஒரு பங்கு தண்ணீர் உள்ள கல் என்றால் 120 கிராம் கல், அரைச் சுண்டுக்குக் கொஞ்சம் கூட. இவ்வளவு சின்னத் தொகையை யாரும் எங்கேயிருந்தும் கொண்டுவரலாம். இதில் ஏன் இவ்வளவு தர்க்கம்?

இரசாயனக்காரி:

தொகை சின்னதுதான், அதனால்தான் தர்க்கமே. பெரிய தொகையென்றால் கொண்டுவந்தவன் தடயம் எங்கும் தெரியும். ஒரு மூட்டைக்குள் விழுந்த அரைச் சுண்டு வேற்று அரிசியைத் தேடுகிறோம். தேடியும் இருக்கிறார்கள். வீட்டுக் கூரைத் தகரத்தில் பூசியிருக்கும் நாகம் என்ற உலோகத்தை எடுங்கள். 2022, 2023 ஆண்டுகளில் நாகத்தின் சமதானிகளை, அதாவது அதன் இலேசான, பார வகைகளை, அளந்தவர்கள், பூமியின் நாகத்தில் மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரை வெளிப்பக்கத்துக் கரிக்கற்களோடு வந்தது என்கிறார்கள். வெளிப்பக்கம் என்றால் வியாழன் பிறந்த இடத்துக்கு அப்பால். அந்தக் கற்கள் வந்திருந்தால் தண்ணீரும் கூட வந்திருக்கும்.

செங்கலடியான்:

எங்கள் கூரைத் தகரம் துருப்பிடித்துப் பல வருசம். வியாழனுக்கு அப்பால் என்றாலும் தரம் போதாது.

உயர்தரம் எழுதுபவள்:

அப்போ முடிவு கரிக்கல் என்று எழுதலாமா மிஸ்?

இரசாயனக்காரி:

பொறு மகள். 2020 இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் ஒரு குண்டைப் போட்டார்கள். என்ஸ்ரடைற் என்ற வகை விண்கல் ஒன்று உண்டு. சூரியனுக்குக் கிட்ட உருவானது, ஒட்சிசன், கல்சியம் போன்ற பல மூலகங்களின் சமதானிகளில் பூமியோடு உரித்துவைத்த மாதிரி ஒத்துப்போவது. பூமி பெரும்பாலும் இந்த மாதிரிக் கல்லால்தான் ஆனது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது சுட்ட செங்கல் மாதிரி எலும்பாய்க் காய்ந்தது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். அளந்து பார்த்தால் தண்ணீராகக் கணக்குப் போட்டு நூற்றுக்கு 0.08 முதல் 0.5 வரைக்கும் ஐதரசன் இருக்கிறது. கேட்கச் சின்ன எண். ஆனால் மூட்டை முழுக்கவே அந்த அரிசியென்றால்? நம் கடலைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தண்ணீர் வருகிறது.

அப்படிப் பார்த்தால் தண்ணீரை யாரும் கொண்டுவரவே தேவையில்லை. பூமியைக் கட்டிய கல்லுக்குள்ளேயே இருந்தது.

வாவிக்கரை:

அந்தக் கற்கள் பூமியில் விழுந்து எத்தனை காலம் பாலைவனத்திலும் பனியிலும் கிடந்தவை? மழை பட்டு உள்ளே போன தண்ணீரை அளந்துவிட்டு விண்ணிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாதே. கூரையில்லாத கொட்டிலில் கிடந்த செங்கல்லை நிறுத்து விற்ற கதையாக இருக்கிறது.

சூளைக்காரன் மகன்:

அப்படி விற்றவர்களை எனக்குத் தெரியும் அண்ணன், ஊர் சொல்ல மாட்டேன்.

இரசாயனக்காரி:

நல்ல அடி அண்ணன். இதே சந்தேகத்தைத்தான் ஒக்ஸ்போர்ட் ஆட்கள் 2025 இல் எடுத்துப் பார்த்தார்கள், அந்தாட்டிக்கில் பொறுக்கிய ஒரு என்ஸ்ரடைற் கல்லை வைத்து. துரு ஏறிய, வெடித்த பகுதிகளில் ஐதரசன் இல்லை அல்லது மிகக் கொஞ்சம். துருப்படாத நல்ல பகுதியில், கந்தகத்தோடு சேர்ந்து, நிறைய. வெளியிலிருந்து ஊறியதென்றால் மறுபக்கமாக இருந்திருக்க வேண்டும். ஒரு கல்லின் சாட்சிதான், ஆனாலும் எனக்கு அது போதுமான அளவுக்குப் பலமாகத் தெரிகிறது.

உயர்தரம் எழுதுபவள்:

தண்ணீர் போகட்டும், காற்று?

இரசாயனக்காரி:

இங்கேதான் வால்வெள்ளிக்கு உண்மையான இடி.

நைதரசனிலும் பார வகை ஒன்று உண்டு. நம் காற்றில் 272 இற்கு ஒன்று. சூரியனில் 440 இற்கு ஒன்று. வால்வெள்ளிகளில் 140 இற்கு ஒன்று அளவில். மூன்றும் மூன்று திக்கு. கரிக்கற்களில் நம் காற்றுக்குக் கிட்ட. ஆகவே நைதரசன் கல்லோடு வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒட்சிசன் தனிக்கதை. அது பாசிகள் உண்டாக்கியது, காற்றில் நிலைத்தது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்.

எனக்கு மிகப் பிடித்தது ஆகன். இப்போது ஒரு மூச்சு இழுங்கள். அரை லீற்றர் காற்று. அதில் நாலரை மில்லிலீற்றருக்கு மேல், ஒரு தேக்கரண்டி அளவு, ஆகன். அது சூரியனைச் சுற்றி இருந்த ஆதி வாயுவிலிருந்தும் வரவில்லை, வால்வெள்ளியிலிருந்தும் வரவில்லை. 99 சதவீதத்துக்கும் மேல் பாறைக்குள் இருந்த பொற்றாசியம் சிதைந்து உண்டானது. 125 கோடி ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும் பொற்றாசியம் அது. குடும்பிமலைப் பாறையில் உள்ளதும் இந்த நிமிடம் சிதைந்துகொண்டுதான் இருக்கிறது. நாம் பாறையைச் சுவாசிக்கிறோம் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள்.

செனன் வாயுவோ வால்வெள்ளிக்குக் கொஞ்சம் மரியாதை தேடிக் கொடுத்தது. ரொசெற்றா அளந்ததை வைத்து 2017 இல் கணக்குப் பார்த்தார்கள். நம் காற்றிலுள்ள செனனில் 22 சதவீதம் வால்வெள்ளிகள் தந்தது. செனன் காற்றில் எவ்வளவு? ஒரு கோடிப் பங்கில் ஒரு பங்குக்குக் கிட்ட. அதற்குத் தேவையான வால்வெள்ளிகள் கொண்டுவந்திருக்கக்கூடிய தண்ணீர் கடலில் ஒரு சிறு பங்குதான். விருந்தாளி வந்தார், ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். சோறு கறி அவர் கொண்டுவரவில்லை.

வாவிக்கரை:

நேயனை விட்டுவிட்டீர்கள். நேயனின் இலேசான வகைக்கும் பார வகைக்கும் உள்ள விகிதம் சூரியனில் 13 ஐத் தாண்டும், காற்றில் 9.8. ஆனால் ஐஸ்லாந்து போன்ற இடங்களில் மிக ஆழத்திலிருந்து வரும் எரிமலைக் கல்லில் 13 ஐ நெருங்குகிறது. அதாவது சூரியனைச் சுற்றி இருந்த ஆதி வாயுவைப் பூமி நேரடியாகவே குடித்திருக்கிறது, அது இன்னும் உள்ளே இருக்கிறது. 2015 இல் கனடாவின் பஃபின் தீவுப் பாறையில் அகப்பட்ட தண்ணீரிலும் பார ஐதரசன் கடலைவிடக் குறைவாக இருந்தது. அதுவும் ஆதி வாயுவின் சாயல். 2023 இல் வந்த ஆய்வொன்றின்படி, ஐதரசன் வாயு போர்த்திய பூமி, உருகிய பாறைக் கடலாக இருக்கும்போது, பாறையில் உள்ள இரும்பு ஒட்சைட்டோடு ஐதரசன் தாக்கம் புரிந்தே நிறையத் தண்ணீர் உண்டாகும். கல்லும் வேண்டாம், வால்வெள்ளியும் வேண்டாம்.

என் கட்சி இதுதான்: தண்ணீர் வரவில்லை, இங்கே செய்யப்பட்டது.

இரசாயனக்காரி:

நடந்திருக்கலாம், கொஞ்சம் நடந்தே இருக்கிறது. ஆனால் அதை முழுக் கடலுக்கும் நீட்டினால் பார ஐதரசன் கணக்கு உதைக்கும். சூரிய வாயுவில் அது கடலைப்போல் ஏழில் ஒரு பங்களவுதான். உங்கள் கட்சிக்கு ஒரு ஆசனம் தரலாம் அண்ணன், ஆட்சி தர முடியாது.

வாவிக்கரை:

ஆவியாகிப் போனதில் இலேசானது முதலில் போய் விகிதம் ஏறியிருக்கலாம்.

கடற்கரைக் காக்கா:

கொஞ்சம் நில்லுங்க. ஏன் இலேசானது முதலில் போகும்? இது எனக்கு விளங்க வேணும்.

இரசாயனக்காரி:

மீன் ஆணத்தை அடுப்பில் மறந்துவிட்டால் என்ன நடக்கும் காக்கா? தண்ணீர் வற்றும், உப்பு நிற்கும், வாயில் வைக்க முடியாது. கடைசியில் சட்டியைப் பார்த்தே எவ்வளவு வற்றியது என்று சொல்லலாம். வானத்தின் உச்சியில் சூரிய ஒளி தண்ணீரை உடைக்கும்போது சாதாரண ஐதரசன் கெதியாகத் தப்பி ஓடும், பாரமானது பின்தங்கும். அதுதான் உப்பு.

வெள்ளிக் கிரகத்தில் 1978 இல் பயனியர் வீனஸ் இறங்கி அளந்தபோது பார ஐதரசன் நம் கடலைப்போல் நூறு மடங்களவு. அடிப்பிடித்த சட்டி. ஒரு காலத்தில் அங்கே இப்போது உள்ளதைவிட எத்தனையோ மடங்கு தண்ணீர் இருந்தது. செவ்வாயின் காற்றில் ஐந்தாறு மடங்கு. வற்றிக்கொண்டிருந்த சட்டி.

கடற்கரைக் காக்கா:

வெள்ளி வேறை, வால்வெள்ளி வேறை என்று இப்பத்தான் தெளிஞ்சுது. இவ்வளவு நேரமும் ரெண்டையும் ஒன்றாய்ப் போட்டு வாசித்தேன்.

செங்கலடியான்:

மகன் கேட்கச் சொல்கிறான்: வெள்ளியில் தண்ணீர் போனது சரி, அங்கே காற்று மட்டும் ஏன் அவ்வளவு கனம்?

இரசாயனக்காரி:

கெட்டிக்காரன். வெள்ளியின் காற்றமுக்கம் நம்மைவிட 92 மடங்கு, அதில் 96 சதவீதத்துக்கு மேல் காபனீரொட்சைட்டு. பூமியிடமும் ஏறத்தாழ அவ்வளவு காபனீரொட்சைட்டு இருக்கிறது. ஆனால் காற்றில் இல்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் இருக்கிறது, பாசிக்குடாப் பவளப்பாறையில் இருக்கிறது, வாவியில் கிடக்கும் சிப்பி ஓட்டில் இருக்கிறது. 100 கிராம் தூய சுண்ணக்கல்லில் 44 கிராம் காபனீரொட்சைட்டு. மழை பெய்து, பாறை கரைந்து, கடலில் கல்லாகப் படிந்தது. தண்ணீர் இல்லாத வெள்ளியில் அதைப் பூட்டி வைக்க ஆளில்லை.

உயர்தரம் எழுதுபவள்:

பூமி உருகிக் கிடந்ததென்றால் தண்ணீர் எல்லாம் அப்போதே ஆவியாகிப் போயிருக்காதா?

சூளைக்காரன் மகன்:

அதுதான் என் கேள்வியும். பூமியே ஒரு சூளை என்றால் எல்லாத் தண்ணியும் போயிருக்க வேணுமே.

இரசாயனக்காரி:

சூளையில் கல் சிவக்கும், உருகாது. உருகிய பாறை வேறு சாதி. அமுக்கத்தில் தண்ணீர் அதற்குள் கரைந்து நிற்கும், மூடி திறக்காத சோடாப் போத்தல் மாதிரி. பாறை இறுகும்போது மூடி திறக்கிறது. ஆவி வெளியே வந்து, வானம் குளிர்ந்ததும் மழை. எவ்வளவு காலம் எடுத்தது? மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜக் மலையில் கிடைத்த சேர்க்கோன் என்ற கனியத்தின் மணிகளில் மூத்தது 440 கோடி ஆண்டு. அந்தக் காலத்து மணிகளின் ஒட்சிசன், திரவத் தண்ணீர் பட்ட பாறையின் அடையாளம் என்று 2001 முதல் வாசிக்கிறார்கள். பூமிக்கே வயது 454 கோடி. பிறந்து கொஞ்ச நாளிலேயே வீட்டில் தண்ணீர் வந்துவிட்டது.

எல்லாம் வெளியே வரவும் இல்லை. 2014 இல் பிரேசிலின் ஜூயினாப் பகுதி வைரம் ஒன்றுக்குள் ரிங்வூடைற் என்ற கனியத் துணுக்கு கிடைத்தது. ஏறத்தாழ 520 முதல் 660 கிலோமீற்றர் ஆழத்துக்குரியது. அதன் நிறையில் ஒரு சதவீதத்துக்கு மேல் தண்ணீர், களிமண்ணில் போலப் பூட்டிய தண்ணீர். ஆகவே செங்கலடி அண்ணா, நீங்கள் கீழால என்று சொன்னதும் முழுப் பிழையில்லை. மகா ஓயாவுக்கு மட்டும்தான் பிழை.

செங்கலடியான்:

மனைவியிடம் இந்த வரியைக் காட்டினேன். "முட்டைக்கும் பிழைதான்" என்கிறாள்.

உயர்தரம் எழுதுபவள்:

மிஸ், சோதினையில் வந்தால் என்ன எழுதுறது?

இரசாயனக்காரி:

பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுது. புள்ளி போடுபவர் இந்த இழையை வாசித்திருக்க மாட்டார்.

நெறியாளர்:

இழை "வானியல்" பகுதிக்கு மாற்றப்பட்டது. முட்டை பற்றிய பதிவுகளை நீக்கவில்லை.

செங்கலடியான்:

கடைசியாக ஒன்று. நேற்று இரவு மகன் ரியூசன் கொப்பியைத் திறந்து வைத்திருந்தான். "பூமியின் நீரை வால்வெள்ளிகள் கொண்டுவந்தன" என்று சிவப்பால் கோடு போட்ட வரி. அதை அவன் வெட்டவில்லை. "நீரை" என்பதற்கு முன்னால் பென்சிலால் "கொஞ்சம்" என்று செருகியிருக்கிறான். ஓரத்தில் ஒரு செங்கல் படம், அதிலிருந்து ஆவி கிளம்புகிறது. சேர் பார்த்தால் என்ன சொல்வாரோ.

சூளைக்காரத் தம்பி, அடுத்த சூளை எப்போது மூட்டுகிறீர்கள்? இவன் அந்தக் கம்பியைப் பார்க்க வேணுமாம்.

சூளைக்காரன் மகன்:

இப்ப மண் ஈரம் அண்ணா. சித்திரை கழிய மூட்டுவம், அறிவிக்கிறன். முதல் இரவுக்கே கூட்டி வாங்க, அதுக்குப் பிறகு வந்தால் கம்பி வியர்க்காது. நக்க மட்டும் விட வேண்டாம்.